"பொரிச்சது வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களா? குடல் அழற்சி உள்ளவர் வீட்டு அடுப்பங்கரைக்கு ஒரு வழிகாட்டி

அல்சரேடிவ் கொலைட்டிஸ், குரோன்ஸ் என்று நீண்டகாலக் குடல் அழற்சி நோயின் பெயரை எழுதிய சீட்டோடு வீட்டுக்கு வருபவர்களுக்கு மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி அனுப்புகிறார்கள். சாப்பாடு என்று வரும்போது மட்டும் ஒரே வரிதான்: "காரம், பொரிச்சது குறைச்சுக்குங்க." எது பொரித்தது? தாளிப்பும் அதில் சேருமா? முறுகல் தோசை? காபி? அப்பாவுக்கு இந்த நோய் என்று தெரிந்த பிறகு இந்தக் கேள்விகளோடு நாங்கள் ஏறி இறங்கிய இடங்கள் நிறைய. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமைக்கும்போது உருவாகும் சேர்மங்கள் குடலை எப்படிப் பாதிக்கின்றன என்பதற்கான சான்றுகளில் பெரும்பாலானவை எலிகளிடமிருந்து வந்தவை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் குறைவு, முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. ஆகவே இங்கே சொல்லப்போவது எதுவும் மருந்துக்கு மாற்றாகாது. மெசலமைனோ அசத்தயோபிரினோ, மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

1. அடுப்புக்கு முன் கோப்பு

உணவு ஆலோசகரிடம் கடைசி மருந்துச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவர் பொதுவான ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்து அனுப்பிவிடுவார். கோப்பில் இவை இருக்கட்டும்:

- கொலோனோஸ்கோபி அறிக்கை, பயாப்ஸி அறிக்கை. சிறுகுடலுக்கு ஸ்கேன் எடுத்திருந்தால் அதுவும். குடல் எங்காவது சுருங்கியிருக்கிறதா என்பது இவற்றில்தான் தெரியும். சுருக்கம் இருந்தால் நார்ச்சத்து பற்றிய ஆலோசனை அப்படியே தலைகீழாகும்.
- மருத்துவமனையில் தங்கியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி.
- அண்மைய ரத்தப் பரிசோதனைகள்: ஹீமோகுளோபின், சிஆர்பி, அல்புமின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி.
- இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல். மூட்டுவலி மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எல்லாம் அதில் வர வேண்டும்.
- மாத வாரியாக உடல் எடை. தோராயமாக இருந்தாலும் போதும்.

ஆலோசகரின் பெயருக்குப் பின்னால் 'ஆர்.டி.' என்று இருக்கிறதா பாருங்கள். இந்திய உணவியல் சங்கத்தின் பதிவுத் தேர்வில் தேறியவர் என்று அதற்குப் பொருள். மூன்று மாதச் சான்றிதழ் படிப்பு முடித்துவிட்டுப் பெரிய பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். தனியாரில் ஒரு முறை பார்க்க ஐநூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் ஆகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. ஆனால் அங்கே வெளிநோயாளிப் பிரிவு காலையில்தான். குடல் பிரிவு மருத்துவரைப் பார்த்து, "உணவு ஆலோசனைக்கு அனுப்புக" என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனால் வேலை எளிது. நேராக அந்த அறைக்குப் போனால் திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம்.

2. தொடக்க அளவு ஒன்றை எடுத்து வையுங்கள்

சமையலை மாற்றிய பிறகு "கொஞ்சம் பரவாயில்லை போல இருக்கு" என்று சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இந்த நோய் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். அதனால் மாற்றத்தைத் தொடங்கும் முன் மலத்தில் கால்புரோடெக்டின் பரிசோதனை செய்துகொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குடல் சுவருக்குள் வெள்ளை அணுக்கள் திரண்டு அழற்சி நடக்கும்போது மலத்தில் கூடும் புரதம் இது. வழக்கமாக ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 250-ஐத் தாண்டினால் அழற்சி நடப்பில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். நடுவில் வந்தால் மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

தனியார் ஆய்வகங்களில் ஏறக்குறைய 2000 முதல் 4000 ரூபாய் வரை கேட்கிறார்கள். ஒரே ஊரில் கடைக்குக் கடை விலை மாறும், இரண்டு மூன்று இடங்களில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சிறிய ஊர்களில் கொடுக்கும் மாதிரி பெருநகரத்துக்குப் போய்த்தான் முடிவு வரும், இரண்டு மூன்று நாள் ஆகும். சனிக்கிழமை மாலை கொடுத்தால் ஞாயிறு முழுக்க அது அங்கேயே கிடக்கும். வாரத்தின் முதல் நாட்களில், காலையில் முதலில் போகும் மலத்தை எடுத்துக் கொடுப்பது நல்லது. வெளிநோயாளியாகச் செய்யும் பரிசோதனைக்குக் காப்பீடு பணம் தரும் என்று நம்பி இறங்காதீர்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இந்த அளவை ஏற்றிவிடும். மாதிரி கொடுக்கும் முன் அவற்றை எவ்வளவு நாள் தள்ளிப் போடலாம் என்று கேளுங்கள். இல்லாவிட்டால் மூட்டுவலி மாத்திரை ஏற்றிய எண்ணைப் பார்த்து உளுந்து வடையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

3. குறிப்பேட்டில் 'எப்படிச் சமைத்தது' என்று ஒரு கட்டம்

ஆலோசகர்கள் தரும் படிவத்தில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு என்று இரண்டு கட்டம் இருக்கும். நம் விஷயத்துக்கு அது பாதிதான். "மீன், இரண்டு துண்டு" என்று எழுதினால் குழம்பு மீனா, தோசைக்கல்லில் கருக வறுத்ததா என்று யாருக்கும் தெரியாது. குடலுக்கு இரண்டும் வேறு. ஆகவே நீங்களே கூடுதலாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: அவித்ததா, வதக்கியதா, பொரித்ததா, சுட்டதா. எண்ணெய் புதிதா, பழையதா. நிறம் மஞ்சளா, பொன்னிறமா, பழுப்பா. வீட்டிலா, வெளியிலா. ஒரு வாரம் எழுதினால் போதும். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் இருக்கட்டும், எல்லா வீட்டிலும் கணக்கு உதைப்பது அன்றைக்குத்தான்.

அப்பாவின் குறிப்பேட்டில் பொரித்த பண்டம் என்று வீட்டில் செய்தது மிகக் குறைவு. மாலை நேரத்து டீக்கடை வடைதான் ஏறக்குறைய தினமும் இருந்தது. அம்மா அதுவரை தன் சமையலைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

4. எந்தச் சேர்மங்கள், என்ன செய்கின்றன

சுருக்கமாகவே சொல்கிறேன்.

சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒட்டிக்கொண்டு பழுப்பாகும்போது ஏஜிஇ எனப்படும் சேர்மங்கள் உருவாகின்றன. இவை ஒட்டிய புரதம் எளிதில் செரிக்காது. ஒரு பகுதி பெருங்குடல்வரை போய் அங்கிருக்கும் பாக்டீரியாக்களுக்குத் தீனியாகிறது. நோய் எதிர்ப்பு அணுக்களின் மேல் 'ரேஜ்' என்ற ஏற்பி இருக்கிறது, ஏஜிஇ அதில் போய் உட்கார்ந்தால் அழற்சிக்கான சமிக்ஞை கிளம்புகிறது. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடல் சுவரை ஒட்டியே இருப்பதால் இதை அலட்சியம் செய்ய முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வில், அதிகச் சூட்டில் பதப்படுத்திய தீனி தின்ற எலிகளின் குடல் சுவரில் கசிவு கூடியது. செரிக்காத மாவுச்சத்து சேர்த்தபோது அது குறைந்தது.

இரண்டாவது, மாவுப் பண்டங்கள் 120 டிகிரிக்கு மேல் காயும்போது வரும் அக்ரிலமைடு. புற்றுநோய் வாய்ப்பு பற்றித்தான் இதில் கவலை அதிகம், அழற்சி இரண்டாம்பட்சம். மூன்றாவது, திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் ஆல்டிஹைடுகளும் பிற சிதைவுப் பொருட்களும். நான்காவது, நெருப்பில் நேராக வாட்டும் இறைச்சியில் கருகலோடும் புகையோடும் வருபவை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விரட்டக் கிளம்பினால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். கீழே உள்ள வரிசையில் போங்கள். சமைக்கும் பண்டங்களைப் பெரிதாக மாற்ற வேண்டியதில்லை, சூட்டையும் நேரத்தையும் மாற்றினாலே பாதி வேலை முடியும்.

5. முதல் வெட்டு: பழைய எண்ணெய்

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2019-ல் வெளியான ஆய்வில், உணவகத்தில் பொரித்துப் பொரித்து வந்த எண்ணெயை எலிகளுக்குக் கொடுத்தார்கள். ஏற்கெனவே குடல் அழற்சி இருந்த எலிகளுக்கு அது மோசமானது. எலி ஆய்வுதான். ஆனாலும் பழைய எண்ணெயை விடுவதால் நமக்கு இழப்பு ஒன்றுமில்லையே.

எண்ணெய் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை 'மொத்தத் துருவச் சேர்மங்கள்' என்ற அளவால் பார்க்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதிப்படி 2018 ஜூலை முதல் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கும் கடைகள் அதற்குக் கணக்கேடு வைத்து, பயன்படுத்திய எண்ணெயை அங்கீகரிக்கப்பட்டவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். தெருமுனை பஜ்ஜிக் கடைக்கு அந்தக் கணக்கேடு பொருந்தாது, 25 சதவீத வரம்பு பொருந்தும். ஆனால் அங்கே அதை அளந்து பார்ப்பது யார்? வாணலியில் நுரை அடங்காமல் நிற்கிறது, எண்ணெய் கருத்துக் கெட்டியாக ஒழுகுகிறது, போடும் முன்பே புகைகிறது என்றால் அங்கே சாப்பிடாதீர்கள்.

வீட்டில்: சின்ன வாணலி வாங்குங்கள். பெரிய வாணலியில் ஒரு லிட்டர் ஊற்றிவிட்டால் மிச்சத்தைக் கொட்ட யாருக்கும் மனம் வராது. குழிவான சின்ன வாணலியில் 200 மில்லியில் நான்கு நான்காகப் பொரிக்கலாம். மிஞ்சியதை வடிகட்டி, மூடிய கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் வெளிச்சம் படாமல் வைத்து, அடுத்த சில நாட்களுக்குள் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம். மீந்த எண்ணெயில் புது எண்ணெயைக் கலந்து பெருக்குவது எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம், நிறுத்த வேண்டிய பழக்கமும் அதுதான்.

எந்த எண்ணெய் என்று கேட்பீர்கள். மரச்செக்கு எண்ணெய் மணமாக இருக்கும், ஆனால் சுத்திகரித்ததைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையும். தாளிக்க, குழம்புக்கு அது சரி, ஆழப் பொரிக்கச் சரிவராது. சூரியகாந்தி எண்ணெய் புகையாமல் நிற்கும், ஆனால் அதன் கொழுப்பு சூட்டில் ஆக்சிஜனோடு எளிதில் சேர்ந்து கெடும் வகை. எப்போதாவது பொரிக்க வீட்டில் இருக்கும் சுத்திகரித்த கடலை எண்ணெய் போதும். இதில் இவ்வளவு ஆராய்ச்சி செய்து லிட்டர் ஆயிரம் ரூபாய் எண்ணெய் தேட வேண்டியதில்லை.

6. இரண்டாவது: நிறத்தைப் பிடியுங்கள்

எண்ணெய்ச் சூடு 175 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தெர்மோமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கம்பியை எண்ணெயில் நுழைக்கும் வகையாக வாங்குங்கள், 200 டிகிரிக்கு மேலும் அளக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வகை பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தில் தவறான எண்ணைக் காட்டும்.

உருளைக்கிழங்கு வறுவலுக்கு, நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் 15 முதல் 30 நிமிடம் ஊறவைத்து, வடித்துத் துடைத்துவிட்டுப் போடுங்கள். மேலே உள்ள சர்க்கரை தண்ணீரோடு போய்விடும், அக்ரிலமைடு குறையும். பாதி வேகவைத்து வதக்கினால் இன்னும் நல்லது. பொன்மஞ்சளில் எடுங்கள், ஓரம் பழுப்பாகும்வரை காத்திருக்க வேண்டாம்.

தோசையை விட வேண்டியதில்லை. கல்தோசை, ஊத்தப்பம் பிரச்சினை இல்லை. நெய் ரோஸ்ட் என்றால் வெள்ளையும் மஞ்சளுமாக இருக்கும்போதே எடுங்கள். இட்லி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை எல்லாம் நீராவியில் வேகிறவை, சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. குக்கர்கூட 120 டிகிரி அளவில்தான், அதுவும் ஈரத்தோடு. இந்த வகையில் நம் காலை உணவு ஏற்கெனவே பாதுகாப்பானது, கெடுப்பது மாலைப் பலகாரம்தான்.

7. மூன்றாவது: இறைச்சி, மீன்

இங்கே எளிய வழி நம் கையிலேயே இருக்கிறது, புளிப்பும் ஈரமும். எலுமிச்சைச் சாறிலோ வினிகரிலோ ஒரு மணி நேரம் ஊறிய மாட்டிறைச்சியைச் சமைத்தபோது ஏஜிஇ பாதிக்கும் கீழே போனது என்று 2010-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. புளி ஊற்றிய மீன் குழம்பில் புளிப்பு, நீர், மிதமான சூடு மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. வறுவல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவருக்கு எலுமிச்சை பிழிந்து ஊறவைத்து, வாழையிலையில் சுற்றி, மூடி போட்டுச் சிறுதீயில் சுட்டுக் கொடுங்கள். கிரில் சிக்கன், தந்தூரி போன்றவற்றை நல்ல நாளுக்கு ஒதுக்குங்கள், அன்றும் கருகிய தோலைக் கிள்ளி எறியுங்கள்.

பாக்கெட்டில் வரும் சாசேஜ், சலாமி முழுதாக வேண்டாம். பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-லேயே 'புற்றுநோய் உண்டாக்குபவை' என்ற முதல் பிரிவில் வைத்துவிட்டது.

8. காபி, பால்கோவா, பிஸ்கட்

காபியை நிறுத்தச் சொல்லி நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். வறுத்த காபியில் அக்ரிலமைடு உண்டு. ஆனால் அதே காபியின் பழுப்பு நிறப் பொருட்களில் ஒரு பங்கைக் குடல் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் போலவே எடுத்துக்கொள்கின்றன. வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் காபி அதைத் தூண்டும், அப்போது நிறுத்துங்கள். மற்ற நாட்களில் கவனிக்க வேண்டியது சிக்கரி. ஐரோப்பிய ஒன்றியம் அக்ரிலமைடுக்கு வகுத்த வழிகாட்டி அளவு வறுத்த காபிக்குக் கிலோவுக்கு 400 மைக்ரோகிராம், சிக்கரிக்கு 4000. இங்கே கலவைத் தூளில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்க விதி இடம் தருகிறது. அரைத்துத் தரும் கடையில் "சிக்கரி இல்லாமல்" என்று கேட்டு வாங்கலாம், விலை கூடும். டிகாக்‌ஷன் கெட்டியாக இல்லை என்று முதல் வாரம் புகார் வரும், கண்டுகொள்ளாதீர்கள்.

பாலை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சும்போது பால் புரதமும் பால் சர்க்கரையும் சேர்ந்து ஏஜிஇ ஆகின்றன. திரட்டுப்பால், பால்கோவா இந்த வகை. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு வாங்காமல் வர முடியாது, ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளலாம். பிஸ்கட், ரஸ்க், கார்ன் ஃபிளேக்ஸ் பார்க்கச் சாதுவாக இருப்பதால் நோயாளிக்கு முதலில் கொடுப்பது அவற்றைத்தான். அவையும் அதிகச் சூட்டில் காய்ந்தவையே. உறையில் இதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. 'டிரான்ஸ் ஃபேட் இல்லை' என்ற வாசகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

9. சூட்டில் உருவாகும் நல்லதும் உண்டு, ஆனால் எச்சரிக்கையோடு

சோறு வெந்து ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அதைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவர் அணுக்களுக்கு அதுவே முக்கிய எரிபொருள். அழற்சியை அடக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் வளரவும் அது உதவுவதை எலி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பழைய சோற்றைப் பற்றிச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனை மருத்துவர்கள் ஆய்வில் இறங்கியதன் பின்னணியும் இதுதான்.

ஆனால் ஸ்டீராய்டு, அசத்தயோபிரின், பயாலஜிக் ஊசி என்று எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவருக்கு, இரவெல்லாம் வெளியில் கிடந்த சோற்றை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சோற்றில் பாசில்லஸ் செரியஸ் வளர்ந்து நச்சு சேர்த்துவிட்டால், மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. அவர்களுக்குப் பத்திரமான வழி: வடித்த சோற்றை அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் நன்றாகச் சூடாக்கித் தயிரோடு கொடுப்பது. சூடாக்கினாலும் செரிக்காத மாவுச்சத்தில் ஒரு பங்கு நிற்கும். குடல் சுருக்கம் உள்ளவர்களும், நோய் தீவிரமாக இருப்பவர்களும் இந்தப் பகுதியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

10. பணம் போகும் ஓட்டைகள்

'உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத நூறு உணவுகள்' என்று ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளைப் பார்க்கும் பரிசோதனைத் தொகுப்புகள் பல ஆயிரம் ரூபாய். ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை, ஒரு உணவை அடிக்கடி சாப்பிட்டாலே அந்த எண் ஏறும். தெரிந்த குடும்பம் ஒன்று அந்தப் பட்டியலை நம்பிப் பாலையும் கோதுமையையும் முட்டையையும் ஒன்றாக நிறுத்தியது, பையன் எடை குறைந்ததுதான் மிச்சம்.

ஏர் ஃபிரையர் நாலாயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை ஆகும். எண்ணெய் குறையும், சூடு குறையாது. 200 டிகிரியில் உருளைக்கிழங்கைச் சுட்டால் அக்ரிலமைடு அதிலும் வரும்.

இணையத்தில் சுற்றும் ஏஜிஇ பட்டியல்களைப் பார்த்தும் மிரள வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை 549 உணவுகளை அளந்த அதே 2010 ஆய்விலிருந்து எடுத்தவை. அதில் வெண்ணெய் மிக மேலே நிற்கும். பின்னர் வேறு முறையில் துல்லியமாக அளந்தபோது வெண்ணெய் கீழே இறங்கி, சூட்டில் காய்ந்த தானிய, கொட்டைப் பண்டங்கள் மேலே வந்தன. இட்லிக்கு ஒரு துளி நெய் விடப் பயப்படாதீர்கள்.

11. நாட்காட்டி

முதல் வாரம் கோப்பும் குறிப்பேடும், சாப்பாட்டில் எந்த மாற்றமும் வேண்டாம். இரண்டாவது வாரத் தொடக்கத்தில் மல மாதிரி, அது கொடுத்த பிறகு எண்ணெய். அடுத்த இரண்டு வாரம் கழித்து நிறம், பிறகு இறைச்சி. காபித்தூள் கடைசியில். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும். நடுவில் மருத்துவர் மருந்தின் அளவை மாற்றினால் அந்தத் தேதியைக் குறிப்பேட்டில் சிவப்பில் எழுதுங்கள். எடையை வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் பாருங்கள். மூன்று மாத அளவில் கால்புரோடெக்டினை மறுபடி எடுக்கலாமா என்று கேளுங்கள், முன்பு எடுத்த ஆய்வகத்திலேயே. ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளக்கும் முறை மாறும் என்பதால் வேறிடத்தில் எடுத்த எண்ணோடு ஒப்பிட முடியாது.

இடையில் மலத்தில் ரத்தம் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டியிருந்தாலோ, எடை இறங்கிக்கொண்டே போனாலோ சமையலில் காரணம் தேடி நாள் கடத்தாதீர்கள். குறிப்பேட்டையும் கோப்பையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.